வீட்டினுள் வைஃபை: அலையும் அலைதலும்

தோற்றுவாய்

நாம் பயின்றும் பயிற்றியும் வளர்ந்த கல்லூரி விழாக் காணும் இந்நன்னாளில், மலருக்குப் பயனுள்ள பாடம் ஒன்று எழுதித் தருமாறு பழைய மாணவர் சங்கத்தினர் எம்மைப் பணித்தனர். தமிழாசிரியராகிய யாம் இலக்கண நுட்பம் ஒன்றை எடுத்து விளக்குவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமோ வீட்டினுள் வைஃபை அலையைச் செவ்வனே பரப்புமாறு பற்றி எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணம் எமது பிழையொன்று. அதனை முதற்கண் ஒப்புக்கொள்ளுதல் முறையாகும்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனா நோயின் பொருட்டு இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மீண்டும் மூடியும் 2021ஆம் ஆண்டின் பிற்பகுதி வரை அந்நிலை நீடித்தது. கரும்பலகை முன் நின்று பழகிய யாம் கைத்தொலைபேசியின் சிறு கண்ணாடி முன் அமர்ந்து பாடம் நடத்தினோம். பத்தாந் தரத்து மாணவர் ஒருவர் பாடத்தின் நடுவே அடிக்கடி மறைந்துவிடுவார். பெயர் சொல்லி அழைத்தாலும் விடை வாராது. "படிப்பில் நாட்டமில்லை" என எமது குறிப்பேட்டில் எழுதிவைத்தோம். பிறர் கேட்கக் கண்டித்தும் பேசினோம்.

பாடசாலை திறந்தபின் காரணம் வினவினோம். "சேர், எங்கடை வீட்டிலை முன்னுக்கு மட்டுந்தான் வைஃபை வரும். படிக்கிற மேசை பின்னறையிலை" என்றார் அவர். ஒருநாள் அவர்தம் இல்லம் சென்று கண்டோம். தடித்த சுண்ணாம்புக்கற் சுவர் கொண்ட பழைய வீடு. ரவுட்டர் முன் விறாந்தையில் இரும்பு அலுமாரியின் பின்னே கிடந்தது. மாதந்தோறும் கட்டணம் செலுத்தப்பட்டது. இணைப்பும் வீடுவரை வந்தது. பிள்ளையின் மேசைக்கு மட்டும் வரவில்லை. இணைப்பு உண்டு என்பதும் அது வேண்டிய இடத்தில் உண்டு என்பதும் ஒன்றல்ல என்பதை அன்று யாம் அறிந்தோம். குறிப்பேட்டில் எழுதியதை வெட்டினோம். பிறர் கேட்கச் சொன்னதைப் பிறர் கேட்கவே திருத்தினோம்.

அலையின் இயல்பு

வைஃபை என்பது வானொலியலையின் ஒருவகையே. ஐ.ஈ.ஈ.ஈ. எனப்படும் பொறியியலாளர் நிறுவனம் 1997ஆம் ஆண்டில் 802.11 என்னும் எண்ணால் அதற்கு நியமம் வகுத்தது. இன்று வீடுகளில் அது பெரும்பாலும் 2.4 கிகாஹேட்ஸ், 5 கிகாஹேட்ஸ் என்னும் இரு மீடிறன் பட்டைகளில் இயங்குகின்றது. புதிய கருவிகள் சில 6 கிகாஹேட்சையும் கையாளும். முதலாவதன் அலைநீளம் ஏறக்குறைய ஐந்து அங்குலம்; இரண்டாவதன் அலைநீளம் இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல். முன்னது சுவரை ஊடுருவுதலில் வல்லது, வேகத்திற் குறைந்தது. பின்னது வேகம் மிக்கது. சுவரிடத்து விரைவில் தளர்வது.

வெட்டவெளியில் தூரம் இரு மடங்காயின் வந்து சேரும் வலு நான்கில் ஒன்றாகும். வீட்டினுள்ளோ தூரத்தினும் தடையே பெரும்பகை. மெல்லிய பலகைத் தடுப்பு சிறிதே தடுக்கும். செங்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் அதனின் மிகுதியாகத் தடுக்கும். கம்பி கட்டிய கொங்கிறீற்று அவற்றினும் மிகுதியாகத் தடுக்கும். இரும்பு அலுமாரி, தகரக் கதவு, குளிர்சாதனப் பெட்டி, பின்புறம் உலோகம் பூசிய நிலைக்கண்ணாடி ஆகியன அலையைத் திருப்பிவிடும். நீர் அதனை உறிஞ்சும். தண்ணீர்த் தொட்டிக்கு அப்பால் அலை மெலிவது இதனாலேயே. மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹேட்ஸ் அளவில் இயங்குவதால், அது சூடாக்கும் வேளையில் அருகிலுள்ள 2.4 இணைப்புக் குழம்புதல் உண்டு.

எனவே முதல் விதி செலவில்லாத விதி: ரவுட்டரைக் கம்பி வந்து நுழையும் மூலையில் விட்டுவிடாது, வீட்டின் நடுவே, ஆளுயரத்தில், திறந்த இடத்தில் வைத்தல் வேண்டும். அம்மாணவர் வீட்டில் இணைப்புக் கம்பியைச் சிறிது நீட்டி, ரவுட்டரை அலுமாரியின் பின்னிருந்து எடுத்து நடு அறைக்கு மாற்றியதே போதுமாயிற்று. வேறொரு கருவியும் வாங்கவில்லை.

அளந்தறிதல்

நோய்நாடாது மருந்து கொடுத்தலாகாது. கைத்தொலைபேசியிற் காணும் கோடுகள் அளவுகோலாகா. அலைவலுவை எண்ணாற் காட்டும் இலவசச் செயலிகள் அன்ட்ரொயிட் கைபேசிகளுக்கு உண்டு. அவை டிபிஎம் என்னும் அலகில், சயக் குறியுடன் எண் காட்டும். சய 30 என்பது கருவியின் அருகே நிற்றல். சய 50 மிக நன்று. பேச்சுக்கும் காணொளிக்கும் சய 67 அளவாவது இருத்தல் நன்று. சய 80இல் இணைப்பு பெயரளவிலேயே நிற்கும். ஒவ்வொரு 10 டெசிபெல் இழப்பும் வலுவைப் பத்தில் ஒன்றாக்கும்; 3 டெசிபெல் இழப்பு ஏறக்குறையப் பாதியாக்கும்.

எமது இல்லத்தில் யாம் அளந்தபோது முன் மண்டபத்தில் சய 42, நடு அறையில் சய 58, பின்னறை வாயிலில் சய 73, குசினியில் சய 84 எனக் கண்டோம். மண்டபத்துக்கும் குசினிக்கும் இடையே இழந்தது 42 டெசிபெல். அஃதாவது, மண்டபத்துக்கு வந்த வலுவில் ஏறக்குறையப் பதினாறாயிரத்தில் ஒரு பங்கே குசினியை எட்டியது. அவ்வாறிருந்தும் கைபேசி ஒரு கோட்டைக் காட்டிக்கொண்டே இருந்தது. இந்த ஒரு கோடு எமது வீட்டில் விளைத்த துன்பத்தைப் பின்னர்க் கூறுவோம்.

ஒன்றை உரப்புதலா, பலவற்றைப் பரப்புதலா?

அலை எட்டாவிடின் பலரும் முதலில் நினைப்பது வலிமை மிக்க ரவுட்டர் ஒன்றை வாங்குதலேயாம். வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் எட்டுக் கொம்பு கொண்ட பெருங்கருவிகளை வாங்கி அனுப்புதலும் உண்டு. ஆனால் வைஃபை என்பது சொற்பொழிவன்று, உரையாடல். ஆசிரியர் ஒலிபெருக்கியிற் பேசினால் கடைசி வாங்கிலுள்ள பிள்ளைக்குக் கேட்கும். அப்பிள்ளையின் மெல்லிய குரல் ஆசிரியருக்குக் கேட்குமா? கைபேசியின் வலு பொதுவாக ரவுட்டரின் வலுவினும் குறைந்தது. ஆதலால் ரவுட்டரின் குரலை மட்டும் உயர்த்துவதாற் பயன் சிறிதே. ஒரே ஆசிரியர் உரத்துக் கத்துவதிலும் அறைக்கொரு ஆசிரியர் அமைதியாகப் பேசுவதே மேல். அவ்வாறு அறைகளில் நிற்பனவே அக்சஸ் பொயின்ற் எனப்படும் அணுகுமுனைகள்.

அணுகுமுனைகளை இணைக்கும் வழி மூன்று. முதலாவது, ரிப்பீற்றர் எனப்படும் மறுபரப்பி. அது கேட்டதை மீண்டும் சொல்வது. ஒரே அலைவழியில் கேட்டுச் சொல்லுதலால் வேகம் ஏறத்தாழப் பாதியாகும். யாம் முதலில் வாங்கியது இதுவே. அலையில்லாத குசினியிலேயே அதனை வைத்தோம். கைபேசியில் கோடுகள் நிறைந்தன. காணொளி மட்டும் நகரவில்லை. கைபேசி காட்டியது மறுபரப்பிக்கும் தனக்கும் இடையிலான வலுவை. மறுபரப்பிக்கும் ரவுட்டருக்கும் இடையிலானதை அன்று. தனக்கே கேளாததை அது எங்ஙனம் திருப்பிச் சொல்லும்? மறுபரப்பியை வைப்பதாயின், அலை இன்னும் நன்றாக உள்ள நடுவழியிலேயே வைத்தல் வேண்டும்.

இரண்டாவது, மெஷ் எனப்படும் பின்னல்முறைக் கருவித் தொகுதி. அவை தமக்குள் பேசி ஒன்றாய் இயங்கும். தமக்கிடையே பேசத் தனிப்பட்டை ஒன்றை ஒதுக்கியவை மேலானவை. மூன்றாவதும் தலையாயதும் கம்பிவழி இணைத்தல். கெற் 5ஈ அல்லது கெற் 6 வகைக் கம்பி 100 மீற்றர் வரை, நொடிக்கு ஒரு கிகாபிற்று வேகத்தைக் குறையாது கொண்டு செல்லும். சுவர் அதற்குப் பொருட்டன்று. மெஷ் கருவிகளையும் கம்பியால் இணைக்க இயலுமாயின் அதுவே சிறந்தது.

அலைதல்

"அலை" என்பது பெயராகுங்கால் கடலலையையும் வானொலியலையையும் குறிக்கும். வினையாகுங்கால் ஓரிடத்தில் நில்லாது திரிதலைக் குறிக்கும். ஆங்கிலத்தார் ரோமிங் என்பதனை நாம் அலைதல் எனின் பொருத்தமே. கைபேசியைக் கையிலேந்தி ஓர் அணுகுமுனையின் எல்லையிலிருந்து மற்றொன்றின் எல்லைக்குச் செல்லுங்கால், இணைப்பு அறாது கைமாறுதலே அலைதலாகும்.

இங்கே மாணவர் ஊன்றி அறியத்தக்கது ஒன்றுண்டு. எப்பொழுது மாறுவது என்பதை இறுதியாகத் தீர்மானிப்பது ரவுட்டர் அன்று, கைபேசியே. ஆப்பிள் நிறுவனம் தன் ஐபோனுக்கு வெளியிட்ட விதி இதனைத் தெளிவாக்கும்: தற்போதைய அலை சய 70க்குக் கீழ் இறங்கும்வரை அது வேறிடம் தேடாது, தேடும்போதும், தரவு பரிமாறப்படும் வேளையில், புதியது பழையதிலும் 8 டெசிபெல்லாவது மேம்பட்டிருந்தாலே மாறும், சும்மா இருக்கும் வேளையில் 12 டெசிபெல் வேண்டும். பிற கைபேசிகள் தத்தம் விதிப்படி ஒழுகும். எனவே கைபேசியை நாம் ஏவ இயலாது. அது எளிதில் மாறத்தக்கவாறு வீட்டை ஒழுங்குசெய்தலே நம்மால் ஆவது.

எமது இல்லத்தில் நிகழ்ந்தது

எமது தமையனார் கனடாவில் வாழ்கின்றார். ஞாயிறுதோறும் அன்னையார் அவருடன் காணொளியிற் பேசுவார். மண்டபத்தில் அமர்ந்து பேசத் தொடங்கி, அடுப்பிலுள்ளதைப் பார்க்க எழுந்து குசினிக்குச் செல்வார். செல்லும் வழியில் குரல் முறியும். பின்னர் முகம் உறையும். பின்னர் அழைப்பே அறும். கைபேசியில் ஒரு கோடு தெரிந்தமையால் இணைப்பில் குறையுண்டு என்று அன்னையார் நினைக்கவில்லை. "தம்பி வைச்சுப்போட்டான். அவனுக்கு வேலை. என்ரை கதை கேக்க எங்கை நேரம்?" என்பார். அங்கே தமையனாரோ, அம்மா களைத்துவிட்டார் போலும் என எண்ணி மீண்டும் எடுக்கமாட்டார். இவ்வாறு சில மாதம் சென்றபின் அன்னையார் தாமாக அழைப்பதையே விட்டுவிட்டார். அலை அறுந்ததை அன்பு அறுந்ததாக இருவரும் கொண்டனர். ஒரே வீட்டிலிருந்த யாமும் அதனை அறிந்தோமல்லோம். ஒருநாள் குசினியில் எமது அழைப்பும் அவ்வாறே அறுந்தபோதுதான் உண்மை புலப்பட்டது.

மறுபரப்பி பயன்படாமை மேலே கூறினோம். அதன்பின் பழைய ரவுட்டர் ஒன்றைப் பின்னறையில் வைத்துக் கம்பியால் இணைத்தோம். அப்பொழுதும் மூன்று பிழை செய்தோம். அவை பிறர்க்குப் பாடமாகுக.

முதற் பிழை: இரண்டாவது கருவிக்கு வேறு பெயர் வைத்தோம். பெயர் வேறாயின் கைபேசிக்கு அது வேறு வீடு. முதலாவதை முற்றும் இழந்த பின்னரே அது இரண்டாவதை நாடிற்று. பெயரும் கடவுச்சொல்லும் பாதுகாப்பு முறையும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும்.

இரண்டாம் பிழை: பெயரை ஒன்றாக்கியபின்னும், இரண்டாவது ரவுட்டரைத் தனி ரவுட்டராகவே இயங்கவிட்டோம். அதனால் பின்னறைக்குச் சென்றதும் கைபேசிக்குப் புதிய முகவரி ஒன்று வழங்கப்பட்டது. தெருவின் நடுவே ஒருவரது முகவரி மாறிவிட்டால் தபாற்காரர் யாது செய்வார்? அழைப்பு அறுந்தது. வீட்டில் முகவரி வழங்குவோர் ஒருவரே இருத்தல் வேண்டும். ஏனையவை அணுகுமுனைகளாக மட்டும் இயங்குதல் வேண்டும்.

மூன்றாம் பிழை: இரண்டு கருவிகளையும் உச்ச வலுவில் வைத்தோம். அதனால் முதலாவதன் குரல் பின்னறை வரை சிறிது கேட்டுக்கொண்டேயிருந்தது. கைபேசி அதனையே பற்றிக்கொண்டு நின்றது. வலுவை நடுத்தரமாகக் குறைத்து, இரண்டாவது கருவியையும் சற்றே நகர்த்தி வைத்தோம். பின்னறை வாயிலில் முதலாவது சய 76, இரண்டாவது சய 58 என அமைந்தது. இடைவெளி 18 டெசிபெல். இப்பொழுது கைபேசி தயங்காது மாறுகின்றது. குறைத்ததனாலே கூடிற்று என்பது முரண்போற் தோன்றினும் உண்மையே.

இப்பிழைகளைக் கண்டு திருத்தித் தந்தவர், யாம் முன்னர்க் கண்டித்த அம்மாணவரே. தொழினுட்பம் பயின்று வரும் அவர், ஒரு சனிக்கிழமை முழுவதும் எமது கூரையின் கீழ்க் கம்பி இழுத்தார். கூலி வாங்க மறுத்துவிட்டார்.

செய்முறை

1. வீட்டின் வரைபடம் ஒன்று கீறுக. ஒவ்வோர் அறையிலும் அலைவலுவை அளந்து எழுதுக. மக்கள் அமர்ந்து படிக்கும் இடத்தையும் நடந்து பேசும் வழியையும் குறிக்க.

2. ரவுட்டரை நடுவிடத்துக்கு மாற்றி மீண்டும் அளக்க. போதுமாயின் அங்கேயே நிறுத்துக.

3. போதாவிடின் அணுகுமுனை ஒன்று சேர்க்க. கம்பியே முதற்றெரிவு. மாடிவீடாயின் மாடிக்கொன்று வைத்தல் பெரும்பாலும் தகும்.

4. பழைய ரவுட்டரைப் பயன்படுத்துவதாயின், அதில் அணுகுமுனைத் தெரிவு இருப்பின் அதனைத் தேர்க. இல்லையேல், டிஎச்சிபி எனப்படும் முகவரி வழங்கும் பணியை நிறுத்துக, முதலாவது 192.168.1.1 ஆயின் இதற்கு 192.168.1.2 என்பது போன்ற, வேறெக்கருவிக்கும் வழங்கப்படாத முகவரி இடுக. "லான்" எனக் குறித்த துளையிலேயே கம்பியைச் செருகுக.

5. பெயர், கடவுச்சொல், பாதுகாப்பு முறை மூன்றும் ஒன்றாக்குக.

6. அலைவழிகளை வேறாக்குக. 2.4 பட்டையில் ஒன்றையொன்று மேவாதவை 1, 6, 11 என்பன. ஒன்றுக்கு 1, மற்றதற்கு 6 என அமைத்து, அகலத்தை 20 மெகாஹேட்சாக விடுக. 5 பட்டையில் கருவி இடந்தரின் ஒன்றுக்கு 36, மற்றதற்கு 149 எனலாம்.

7. வலுவை நடுத்தரமாக்குக, 2.4இன் வலுவை 5இனதிலும் குறைவாக வைக்க. பின்னர் மீண்டும் அளக்க.

8. கருவியில் 802.11கே, 802.11வி என்னும் தெரிவுகள் இருப்பின் இயக்குக. முன்னது அயலிலுள்ள அணுகுமுனைகளின் பட்டியலைக் கைபேசிக்குத் தரும். பின்னது மாறுமாறு ஆலோசனை கூறும். 802.11ஆர் மாறும் நேரத்தைச் சுருக்கும். ஆயின் பழைய கருவிகள் சில அதனால் இணைய மறுத்தலுண்டு. அவ்வாறாயின் அதனை நிறுத்துக.

இரு எச்சரிக்கை

2022ஆம் ஆண்டின் மின்வெட்டை எவரும் மறந்திரார். மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் நின்றது. ரவுட்டருக்கு மட்டும் மின்கலம் வைத்துப் பயனில்லை. ஒளியிழை இணைப்பாயின் அதனை ஏற்கும் பெட்டிக்கும், ஒவ்வோர் அணுகுமுனைக்கும் மின் வேண்டும். மற்றொன்று, வெளியே வளவினூடாகச் செம்புக் கம்பி இழுத்தால் இடிமின்னலால் கருவிகள் பழுதுறுதல் உண்டு. இயன்றவரை கம்பியை வீட்டினுள்ளேயே குழாயிலிட்டுக் கொண்டு செல்க. தனிக் கட்டடத்துக்கு ஒளியிழையே தக்கது.

பயிற்சி

(அ) ஓரிடத்தில் அலைவலு சய 50. சுவருக்கு அப்பால் சய 70. வந்து சேரும் வலு எத்தனையில் ஒரு பங்காயிற்று?

(ஆ) கைபேசியில் கோடுகள் நிறைந்திருந்தும் காணொளி நகராமைக்கு ஒரு காரணம் கூறுக.

(இ) உமது வீட்டில் அலை மிக மெலிந்த இடம் எது? அங்கே அமர்பவர் யார்?

முடிவுரை

மூன்றாம் வினாவே இப்பாடத்தின் உயிராகும். வீடுகளில் அலை மெலிந்த இடம் பெரும்பாலும் பின்னறையும் குசினியும். அங்கே இருப்போர் படிக்கும் பிள்ளையும் வயது முதிர்ந்த தாயும். முன் மண்டபத்தில் அமர்வோர்க்குக் குறை தெரிவதில்லை; யாமும் அவ்வாறே அமர்ந்திருந்தோம். கடல்கடந்து வாழும் பழைய மாணவர்களே, அடுத்த முறை அழைப்பு நடுவே அறுந்தால், மறுமுனையில் உள்ளவர் வைத்துவிட்டார் எனக் கொள்ளாதீர்கள். மீண்டும் ஒருமுறை எடுங்கள். விடுமுறையில் ஊருக்கு வரும்போது பெருங்கருவி ஒன்றை வாங்கி வருவதற்கு முன், கைபேசியுடன் வீட்டைச் சுற்றி ஒருமுறை நடந்து அளந்து பாருங்கள்.

எமது அன்னையார் இப்பொழுது பேசிக்கொண்டே மண்டபத்திலிருந்து குசினிக்கும், குசினியிலிருந்து கிணற்றடிக்கும் செல்கின்றார். சென்ற ஞாயிறு, கிணற்றடி முருங்கை காய்த்திருப்பதைத் தமையனாருக்குக் காட்டினார். அழைப்பு அறவில்லை.

கல்லூரி நீடு வாழ்க. அதன் பிள்ளைகள் எங்கிருப்பினும் இணைந்து வாழ்க.